பூப்போட்ட ரொட்டி

"நீ உள்ள போய் அவன் மேல தும்மிட்டு வந்த அன்னிக்குத்தான் அவனுக்குக் குளிர் ஜுரம் ஆரம்பிச்சுது..."

"மூக்கு வரைக்கும் மாஸ்க் போட்டுட்டுத்தான் அண்ணி தும்மினேன், அந்த ஏசி காத்து எனக்கு ஒத்துக்கல..."

"எங்களுக்கெல்லாம் ஒத்துக்குது, உனக்கு மட்டும் ஒத்துக்கலையா? நான் அவன் கூடப் பொறந்தவ!"

"நான் அவரைக் கட்டிக்கிட்டவ!"

"அதைத்தான் சொல்றேன். கட்டிக்கிட்டவளுக்குத்தானே கடையும் வரும், வீடும் வரும்..."

"உங்க கடையைத் தூக்கி நீங்களே தலையில வெச்சுக்குங்க! அவர் எழுந்து என்னோட ஒரு வார்த்தை பேசினா எனக்கு..."

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடுறீங்களா!"

மூன்றாவதாக வெடித்த குரல் பூதக்கண்ணாடியினுடையது. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. மூக்கின் மேல் உட்கார்ந்திருந்த கனத்த கண்ணாடியையும், அவள் செய்கிற துப்பறியும் வேலையையும் சேர்த்துப் பார்த்து ஊர் வைத்த பெயர் இதுதான். கத்திவிட்டு அவளே வெட்கப்பட்டாள். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசல் கூடம் அது. நாற்காலிகளையெல்லாம் ஒரே இரும்புக் குழாயில் கோத்திருந்தார்கள். ஒருவர் கோபத்தில் காலை ஆட்டினால் வரிசை முழுவதும் ஆடும். இன்று காலையிலிருந்து வரிசை நின்றபாடில்லை.

"மேடம், நான் வேணும்னா நடுவுல உக்காரட்டுமா?" என்றான் வத்தல். அவளுடைய உதவியாளன். காற்றடித்தால் பறந்துவிடுவான் போலிருப்பான்; வாய் மட்டும் பறக்காமல் தரையில் நங்கூரம் போட்டு நிற்கும். "என்னைத் தாண்டி அடிக்கறது கஷ்டம். நான் கண்ணுக்கே தெரிய மாட்டேன்."

"நீ பேசாம நில்லு."

"நின்னுட்டுத்தான் இருக்கேன். பேசாமங்கறதுதான் இடிக்குது."

விவகாரம் இதுதான். பேக்கரி ஒன்றின் முதலாளி உள்ளே படுத்திருந்தார். மாவு மூட்டைகளை மாடிக்கு ஏற்றும் லிஃப்ட் அறுந்து, மூட்டைகள் மொத்தமும் அவர் மேல் சரிந்துவிட்டன. இடுப்பெலும்பு, தொடை எலும்பு, விலா என்று ஒன்று பாக்கியில்லை. டாக்டர்கள் போராடிப் பிழைக்க வைத்தார்கள். ஆள் தேறி வருகிறார் என்று வீடே மூச்சு விட்ட நேரத்தில் ஜுரம் வந்தது. போனது. மறுபடி வந்தது. ரத்தத்தில் இருக்கக் கூடாத ஏதோ கிருமி என்றார்கள். யாரோ வேண்டுமென்றே வைக்கிறார்கள் என்று முடிவு கட்டிய அக்கா, போன வாரமே நேராகப் பூதக்கண்ணாடியிடம் வந்துவிட்டாள். அவள் சந்தேகப்பட்ட ஆளும் தூரத்தில் இல்லை. அதே நாற்காலி வரிசையின் மறுகோடியில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த தம்பி மனைவிதான்.

"மேடம்," என்றாள் அக்கா. பருத்த உடம்பு, வெளுத்த கைகள். மடியில் ஒரு மூடி போட்ட டப்பாவைச் சண்டைக்கு நடுவிலும் விடாமல் பிடித்திருந்தாள். "யாரா வேணா இருக்கட்டும். கண்டுபிடிச்சு என் முன்னாடி பேரைச் சொல்லுங்க. அதுக்கப்புறம் அந்த ஆள் இந்தக் கதவைத் தாண்டக் கூடாது. என் தம்பி மூஞ்சியைப் பார்க்கவே கூடாது. அவ்வளவுதான் நான் கேக்கறது."

"டப்பாவுல என்னக்கா?" என்று கேட்டான் வத்தல். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருந்தான்.

"உனக்கு ஒண்ணும் இல்ல."

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு டாக்டர் அம்மாள் வந்தாள். கொண்டையில் பேனா, காலில் சத்தம் போடும் செருப்பு, கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு. யாரும் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே, "மறுபடியும் வந்துடுச்சு," என்றாள்.

வரிசை ஆடுவது நின்றது.

"மருந்து போட்டோம், ரத்தம் சுத்தமாச்சு. கழுத்துல போட்டிருந்த குழாயைக்கூட எடுத்துட்டு புதுசு போட்டோம். இப்போ திரும்பவும் அதே ஈஸ்ட்."

"ஈஸ்ட்னா?" என்றாள் பூதக்கண்ணாடி.

"ரொட்டி உப்பறதுக்குப் போடுவாங்களே, அதேதான். லேப்காரங்க நேத்துதான் பேரை உறுதி பண்ணாங்க. எனக்கே தலை சுத்திடுச்சு."

"டாக்டர்," என்றான் வத்தல், "பேக்கரிக்காரர் ரத்தத்துல ஈஸ்ட் இருந்தா அதை வியாதின்னு எடுத்துக்கறதா, தொழில் பக்தின்னு எடுத்துக்கறதா?"

டாக்டர் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையில் அவள் இல்லை. "நீங்களும் நானும் தினமும் தொட்டுட்டுத் திரியற சாது அது. நம்ம ரத்தத்துல தப்பித் தவறி நுழைஞ்சா, ஒரு டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள வெள்ளணுக்கள் அதை முழுங்கி ஏப்பம் விட்டுடும். இவருக்கு அப்படி நடக்கல. அதுதான் பிரச்சினை."

"வெள்ளணு குறைஞ்சு போச்சா?"

"குறைஞ்சிருந்தா பரவாயில்லையே, புரியுமே! எண்ணிப் பார்த்தா சரியா இருக்கு. பலமா அடிபட்டா என்ன ஆகும் தெரியுமா? உடைஞ்ச எலும்பு, நசுங்கின சதை, எல்லா இடத்துக்கும் அதுங்க ஒரே நேரத்துல பாயும். கிருமியே இல்லாத இடத்துல பெரிய சண்டை. அந்தக் கூத்து அடங்கினதும் அதுங்களே மரத்துப் போயிடும். நிஜமான கிருமி எதிர்ல வந்து நின்னா பிடிக்காது, முழுங்காது, பக்கத்துல இருக்கறதுக்குத் தகவல்கூடச் சொல்லாது. சும்மா பார்த்துட்டு நிக்கும்."

"ஆள் ஃபுல்லா வந்திருக்காங்க, வேலை மட்டும் நடக்கல. எங்க ஆபீஸ் மாதிரி," என்றான் வத்தல்.

"உங்க ஆபீஸ்ல ரெண்டே பேர்தானே?"

"அதனாலதான் டாக்டர் பளிச்சுன்னு தெரியுது."

"அதுங்களைத் தட்டி எழுப்ப வழியே இல்லையா?" என்று குறுக்கே புகுந்தாள் பூதக்கண்ணாடி.

"அப்படி ஒரு ஊசி என் கையில இருந்தா, நான் ஏன் துப்பறியறவங்களோட நின்னு பேசிட்டிருக்கேன்?" என்றாள் டாக்டர். "இன்னொண்ணும் கேட்டுக்குங்க. தொடையில கம்பி வைக்கணும். ரத்தத்துல இது இருக்கறப்போ வெச்சா, போய் அந்தக் கம்பியிலேயே குடித்தனம் பண்ணும். வைக்காம இப்படியே படுக்கப் போட்டா நுரையீரல் கெட்டுப்போகும். இனிமே தள்ளிப்போட முடியாது. அது எந்த வழியா உள்ள வருதுன்னு தெரியாம நான் மருந்தை மட்டும் ஊத்திட்டே இருந்தா, அவர் எனக்குத் தங்க மாட்டார்."

மனைவி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். அக்காவின் கை டப்பாவை இறுக்கிற்று.

"ரொட்டித்தூள் அவர் மேல விழுந்தா வருமா?" என்றாள் பூதக்கண்ணாடி.

"சுட்ட ரொட்டியில ஈஸ்ட் செத்துடும். பச்சை மாவு, இல்ல அது காய்ஞ்ச தூள், அதுலதான் உயிரோட இருக்கும்."

"பார்த்தீங்களா!" அக்கா எழுந்தே விட்டாள். "கடையில மாவு பிசையறது யாரு? இவ தம்பி! லிஃப்ட் ஸ்விட்ச்சைப் போட்டது யாரு? அவனேதான்! அங்க மூட்டையைப் போட்டுக் கொல்லப் பார்த்தான், முடியல. இப்போ இவகிட்டக் குடுத்து அனுப்பறான்!"

"அண்ணி, வாய்க்கு வந்ததைப் பேசாதீங்க..."

"மாவை நீங்களும்தானே பிசையறீங்க?" என்று கேட்டாள் பூதக்கண்ணாடி.

அக்கா இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினாள். டாக்டர்தான் சொன்னாள்: "இவங்களை விட்டுடுங்க. முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டு, நகத்துக்கு அடியில பிரஷ் போட்டுத் தேய்ச்சுட்டுத்தான் உள்ள வருவாங்க. நர்ஸுங்களுக்கே நான் இவங்களைக் காட்டித்தான் பாடம் எடுக்கறேன்."

பார்வை நேரத்துக்கான மணி அடித்தது. ஒரு சமயத்தில் ஒருவர்தான் போகலாம். அக்கா டப்பாவோடு கழுவும் தொட்டியை நோக்கி நடந்தாள்.

அவள் தலை மறைந்ததும் பூதக்கண்ணாடி மனைவியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "உங்க கைப்பையில உள்ளறையில ஒண்ணு சுருட்டி வெச்சிருக்கீங்க. தினமும் கொண்டு வரீங்க, கதவுகிட்டப் போனதும் கையை உள்ள விடறீங்க, காவல்காரர் பார்த்தா மூடிக்கறீங்க. நீங்க திறக்கறீங்களா, நான் திறக்கட்டுமா?"

மனைவியின் முகம் செத்துப்போயிற்று. செய்தித்தாள் சுருளை எடுத்துக் கொடுத்தாள். சுருளுக்குள் சவர ரேசர், சின்ன பிரஷ், பாதி தேய்ந்த சோப்புத் துண்டு.

"அவருக்கு முகத்துல முடி வந்தா ஆகாதுங்க. காலையில எழுந்ததும் முதல் வேலை அதுதான். இப்போ தாடியோட கிடக்கறார், யாரோ மாதிரி இருக்கு. பிளேடை உள்ள விடவே மாட்டேன்னுட்டாங்க. இரக்கப்படற நர்ஸ் என்னிக்காவது வாசல்ல நிப்பாங்களான்னு..."

பூதக்கண்ணாடி எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். ஒரு வாரமாக இந்தப் பெண்ணின் பின்னால் பஸ்ஸிலும் வெயிலிலும் அலைந்தது ஒரு சோப்புத் துண்டுக்காக!

"மேடம், மனசு விட்டுடாதீங்க. குற்றவாளி கிடைக்கலன்னாலும் ஒரு நல்ல சவரம் கிடைச்சிருக்கு," என்றான் வத்தல்.

"உன்னை வேலையை விட்டு எடுத்தாத்தான் எனக்கு நிம்மதி."

"எடுத்துட்டா யாரைத் திட்டுவீங்க?"

அக்கா வெளியே வந்தாள். மனைவி கை கழுவிக்கொண்டு உள்ளே போனாள். கதவில் பதித்திருந்த வட்டக் கண்ணாடி வழியே இருவரும் பார்த்தார்கள். பச்சை விரிப்பு, பச்சைப் போர்வை, பச்சைத் தலையணை உறை. நடுவில் குழாய்களுக்கு மத்தியில் தாடியோடு ஒரு முகம். மனைவி கட்டிலருகே குனிந்தாள். குனிந்த வேகத்தில் பின்னுக்கு வந்து, மாஸ்க்கோடு சேர்த்து முழங்கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு இரண்டு தடவை குலுங்கினாள்.

"பாருங்க, மறுபடி தும்மறா!" என்றாள் பின்னாலிருந்து அக்கா.

"எல்லாம் பச்சை, கழுத்துக்கிட்ட மட்டும் வெள்ளை," என்றான் வத்தல். "பேக்கரிக்காரர் மாதிரி இல்ல மேடம், வழக்காட வந்த வக்கீல் மாதிரி படுத்திருக்கார்."

"வத்தல், இன்னொரு வார்த்தை பேசினே, உன்னையும் உள்ள படுக்க வெச்சுடுவேன். கிளம்பு. அந்தப் பொண்ணோட தம்பியைப் பார்க்கணும்."

பேக்கரி இருந்த தெருவில் வெயில் கொளுத்தியது. உள்ளே அதைவிடச் சூடு. அடுப்பு ஒரு சுவர் முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தது. மூலையில் லிஃப்ட் இருந்த இடத்தில் குறுக்கே பலகை அடித்து மூடியிருந்தார்கள். தரையில் வெள்ளைக் கறை இன்னும் போகவில்லை.

மனைவியின் தம்பியை அந்தக் கடையில் எல்லோரும் மச்சான் என்றே கூப்பிட்டார்கள். முதலாளிக்கு மச்சான் என்றால் ஊருக்கே மச்சான். மேசை மேல் மாவை அடித்துக்கொண்டிருந்தான். அடித்தான் என்றால் நிஜமாகவே அடி. அந்த மாவு என்ன பாவம் செய்ததோ.

"உங்க அத்தான் ஆஸ்பத்திரியில கிடக்கறார். நீங்க இதுவரைக்கும் எட்டிப் பார்க்கல," என்று நேராக ஆரம்பித்தாள் பூதக்கண்ணாடி. "ஏன்?"

"எந்த மூஞ்சியோட போறது?"

"அப்படின்னா?"

"ஸ்விட்ச்சைப் போட்டது நான்தானே!" மாவை விட்டுவிட்டு நிமிர்ந்தான். கண் இரண்டும் வீங்கியிருந்தன. "கொக்கி தேய்ஞ்சிருக்கு அத்தான், மாத்திடலாம்னு சொன்னேன். 'இன்னிக்கு ஒரு லோடுதானேடா, கம்பியைச் சுத்து, நாளைக்குப் பார்த்துக்கலாம்'னாரு. அவரே கம்பியைச் சுத்தினாரு. அவரே கீழ நின்னாரு. நான் போட்டேன். சத்தம் கேட்டுது. அவ்வளவுதான். போலீஸ் வந்து அந்தக் கொக்கியைப் பார்த்துட்டு, விபத்துன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. நம்பாதவங்க அத்தானோட அக்கா, எங்க பெரியக்கா ஒருத்தங்கதான். அவங்க சொல்றதும் சரிதானோன்னு எனக்கே சில நேரம் தோணுது."

பொய் சொல்கிற கண்கள் பூதக்கண்ணாடிக்குத் தெரியும். இவை அந்தக் கண்கள் அல்ல. "அவர் மேல கோபமா ஏதாவது?"

"கோபம்தான். மாத்துங்கன்னு நான் இன்னும் கொஞ்சம் கத்தியிருக்கணும். அவர் மேல இல்ல, என் மேல."

அவள் ஒரு மாவு மூட்டையின் மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். அது புஸ்ஸென்று அவள் புடவையை வெள்ளையாக்கிற்று. சவர சோப்பு போயிற்று. லிஃப்ட் போயிற்று. மனைவியும் இல்லை, மச்சானும் இல்லை. ஆனாலும் அந்த மனிதரின் ரத்தத்தில் தினமும் யாரோ பச்சை மாவைக் கலக்கிறார்கள். அந்த ரத்தத்தில் காவலுக்கு நிற்கிறவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். இங்கே இவளும் வேடிக்கைதான் பார்த்துக்கொண்டிருந்தாள். மரத்துப்போன வெள்ளணுவுக்குக் கண்ணாடி மாட்டிவிட்டால் எப்படியிருக்கும் என்று யாராவது கேட்டால் தன்னைத்தான் காட்டவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

வத்தல் இதற்குள் முன்பக்கம் போய் ஒரு ரொட்டியை வாங்கிப் பிய்த்துக்கொண்டு வந்திருந்தான்.

"இந்த நேரத்துல உனக்குத் தின்னத் தோணுதா?"

"தின்னாத்தான் மேடம் எனக்கு மூளை வேலை செய்யும். இங்க பாருங்க, ரொட்டிக்கே பூப்போட்டு விக்கறாங்க. சட்டை தைச்சுக்கலாம் போலிருக்கு."

ரொட்டியின் மேல்தோலில், உண்மைதான், சின்னச் சின்னப் பூக்கள் அழுந்தியிருந்தன. அலமாரியில் இருந்த மற்றவற்றில் மெல்லிய கோடுகள் மட்டுமே.

"இது ஏன் இப்படி?" என்று கேட்டாள் பூதக்கண்ணாடி. வேறு கேட்க எதுவும் மிச்சமில்லை என்பதால் கேட்டாள்.

"அதை ஏன் கேக்கறீங்க! உருட்டின மாவைத் துணிக்குள்ள மடிச்சு மூடித்தான் உப்ப வைப்போம். துணியோட தடம் மேல விழும். பழைய துணி ரெண்டைக் கொஞ்ச நாளாக் காணோம். ஒண்ணு காலையில திரும்பி வரும், ஒண்ணு போகும். அதான் எங்க அக்கா வீட்டுலேருந்து பூப்போட்ட டவலை எடுத்துட்டு வந்தேன். ஒட்டித் தொலைக்குது."

"பழைய துணி ஒட்டாதா?"

"ஒட்டவே ஒட்டாது. அதுல ஏறியிருக்கற மாவு அப்படி. அத்தானோட அம்மா காலத்துலேருந்து இருக்கற துணிங்க. தண்ணியே காட்ட மாட்டோம். உதறுவோம், அடுப்புக்கிட்டக் காயவைப்போம், மறுபடி மாவு மேல போடுவோம். துவைச்சா பெரியக்கா என்னைத் துவைச்சுடுவாங்க." சொல்லிக்கொண்டே பக்கத்துப் பலகையிலிருந்து ஒரு துணியை உருவி ஓர் உதறு உதறினான்.

வெள்ளைத் துணி. கண்ணுக்குத் தெரியாத தூள் எழுந்து வெயில் கோட்டில் மின்னியது. வத்தல் அடுக்காகத் தும்மினான்.

"எங்க அக்காவும் இப்படித்தான்," என்றான் மச்சான். "கல்யாணமான புதுசுல கடைக்குள்ள காலை வெச்சா. தும்மித் தும்மி முகமே வீங்கிடுச்சு. அதுக்கப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டா. மாவுன்னா ஆகாது."

பூதக்கண்ணாடி கண்ணாடியைக் கழற்றினாள். துடைக்கவில்லை. கையில் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"வத்தல்."

"மேடம்?"

"ஆஸ்பத்திரிக் கூடத்துலயும் ஏசி ஓடுதுல்ல?"

"ஓடுது. எனக்குப் பல்லே கிட்டிப்போச்சு."

"அங்க அந்தப் பொண்ணு தும்மவே இல்ல. அவ்வளவு நேரம் சண்டை போட்டா, ஒரு தும்மல் இல்ல. உள்ள போய்க் கட்டில் மேல குனிஞ்சாத்தான் தும்மல். நீ ஏதோ வக்கீல்னு சொன்னியே..."

"எல்லாம் பச்சை, கழுத்து மட்டும்..." வத்தலின் வாயிலிருந்து ரொட்டி கீழே விழுந்தது.

அவள் அதற்குள் தொலைபேசியில் டாக்டரைக் கூப்பிட்டிருந்தாள். "டாக்டர், அவர் கழுத்துக்கும் தலையணைக்கும் நடுவுல ஒரு வெள்ளைத் துணி இருக்கா?"

"இருக்கே. தினமும்தான் இருக்கு. குழாய் உறுத்தாம இருக்க நர்ஸ் யாரோ மடிச்சு வெச்சிருக்காங்க."

"உங்க ஆஸ்பத்திரித் துணியெல்லாம் என்ன கலர்?"

மறுமுனையில் செருப்பு ஓடுகிற சத்தம் கேட்டது.

அவர்கள் திரும்பி வந்தபோது கூடத்தில் அதே நாற்காலி வரிசை, அதே இரண்டு கோடிகள். ஒரு கோடியில் மனைவி. மறுகோடியில் டப்பாவை மடியில் வைத்தபடி அக்கா. கதவருகே டாக்டர் நின்றாள். அவள் கையில் வாய் கட்டிய பிளாஸ்டிக் பை, உள்ளே வெள்ளையாக ஏதோ மடிப்பு.

"நானும் தினம் பார்த்தேன்," என்றாள் டாக்டர் பூதக்கண்ணாடியிடம், தாழ்ந்த குரலில். "தினமும் அந்தக் கட்டில் பக்கத்துல நின்னு, கிருமி எங்கேருந்து வருதுன்னு மண்டையை உடைச்சுக்கிட்டேன். குழாய் உள்ள போற இடத்துக்கு ஒட்டினாப்புல அது கிடந்துது. தட்டினா தூள் பறக்குது."

"வழி அதுதானா?"

"லேப்ல பார்த்துத்தான் அடிச்சுச் சொல்ல முடியும். என்னைக் கேட்டா அதுதான். குழாயை மறுபடி மாத்திட்டேன், மருந்தும் ஏத்தியிருக்கேன். ரத்தம் சுத்தமாச்சுன்னா கம்பி வெச்சுடுவேன். அந்த மரத்துப்போன அணுக்கள் எப்போ முழிக்கும்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க."

அக்கா எழுந்து வந்துவிட்டாள். பையை அவள் பார்க்கவில்லை. டாக்டர் அதைப் பின்னால் மறைத்துக்கொண்டிருந்தாள்.

"கிடைச்சாச்சுன்னு சொல்றாங்களே மேடம்! நர்ஸெல்லாம் ஓடறாங்க. யாரு? இவ தம்பிதானே? என் முன்னாடி பேரைச் சொல்லுங்க."

எத்தனையோ பேரைப் பிடித்துக் கொடுத்தவள் பூதக்கண்ணாடி. கதவிடுக்கில் ஒளிந்தவனைக் கூசாமல் காட்டியிருக்கிறாள். இன்று வத்தலைப் பார்த்தாள். ஒரு தமாஷாவது சொல்லித் தொலைப்பான் என்று பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த டப்பாவைக் கொஞ்சம் திறங்க."

"இதையா? இதுல என்ன இருக்கு, அவனோட பழைய..." சொல்லியபடியே மூடியைக் கழற்றினாள்.

கூடம் முழுவதும் புளித்த மாவின் வாசனை. உள்ளே ரொட்டி இல்லை. நான்காக மடித்த ஒரு வெள்ளைத் துணி.

வரிசையின் மறுகோடியில் மனைவி தும்மினாள். மறுபடியும் தும்மினாள்.

அக்கா அவளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு டப்பாவைப் பார்த்தாள். பிறகு, டாக்டரின் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப்பார்த்த பிளாஸ்டிக் பையை. யாரும் விளக்கம் சொல்லவில்லை. காலையில் டாக்டர் சொன்னதையெல்லாம் அவள் வரிக்கு வரி கேட்டிருந்தாள் அல்லவா, பச்சை மாவு, காய்ஞ்ச தூள், எல்லாம்.

"கையை நல்லாத் தேய்ச்சேனே," என்றாள். "நகத்துக்கு அடியில எல்லாம் தேய்ச்சேனே டாக்டர்."

"தேய்ச்சீங்க," என்றாள் டாக்டர். "உங்க கையில ஒண்ணும் இல்ல."

"அவன் தூங்கவே இல்ல. மருந்து போட்டும் கண்ணை மூடல, கண்ணு மேல மேல செருகிட்டே இருந்துது. சின்ன வயசுல மாவு மேசைக்கு அடியில இதுலதான் சுருண்டு கிடப்பான். சும்மா ஒரு நாள் வெச்சுப் பார்த்தேன். வெச்ச உடனே தூங்கிட்டான் மேடம். ஒரு நாள்ல வாசனை குறைஞ்சுடுதேன்னு மாவு மேல போட்டுப் போட்டு மாத்திக் கொண்டு வந்தேன்..."

"தெரிஞ்சு பண்ணலையே நீங்க," என்றாள் பூதக்கண்ணாடி. சொன்னது அவள் காதுக்கே ஒன்றுமில்லாததாகக் கேட்டது.

மாலைப் பார்வைக்கான மணி அடித்தது. கதவு திறந்து நர்ஸ் தலையை நீட்டினாள். "ஒருத்தர் வரலாம்."

பழக்கத்தில் அக்காவின் கால் ஓர் அடி எடுத்துவைத்தது. அங்கேயே நின்றது. காலையில் தான் போட்ட நிபந்தனை அவளுக்கு மறக்கவில்லை. எடுத்து வைத்த காலைத் திரும்ப இழுத்துக்கொண்டு, வழி விட்டுச் சுவரோரம் ஒதுங்கினாள்.

மனைவி எழுந்து நடந்து வந்தாள். இத்தனை நாள் வாங்கிய பேச்செல்லாம் அவள் தொண்டையில் கூடி நிற்பது முகத்தில் தெரிந்தது. பதிலுக்குப் பேச அவளுக்கு உரிமை இருந்தது. தடுக்கவும் அங்கே யாரும் இல்லை. கதவில் கை வைத்து, அக்காவின் எதிரில் நின்றாள். வாயைத் திறந்தாள்.

அக்கா டப்பாவின் மூடியை அழுத்தி மூடிக்கொண்டிருந்தாள். அது சரியாக உட்காரவில்லை. தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்:

"இன்னிக்கு அவன் எப்படிம்மா தூங்குவான்?"